அவர் பேசட்டும், விடுங்க

ஜூன் 5

'கேட்பவர்' அவர்களுக்கு,

எங்கள் அருங்காட்சியகத்தின் இணையவழி நிகழ்ச்சிகளுக்குப் பதிவு செய்தபோது நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு இதை எழுதுகிறேன். பெயர் என்ற இடத்தில் 'கேட்பவர்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஊர் என்ற இடத்தில் ஒரு புள்ளி. பிப்ரவரியிலிருந்து ஒரு புதன்கிழமை தவறியதில்லை. கேமராவைப் போட்டதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. முடிந்ததும் மற்றவர்கள் நன்றி என்று எழுதிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் நான் திரையை மூடும்வரை இருப்பீர்கள்.

நேற்று நடந்தது உங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி நிறுத்திய எடை மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எங்கள் அப்பா, "தொட்டி நிரம்பி வழியுது! மோட்டாரை நிறுத்து!" என்று ஒரு கத்து கத்தினார். ஆயுசு முழுக்க மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்ட உடற்பயிற்சி வாத்தியாரின் குரல். கதவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எப்போதும் வருகிற அந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், "இது அருங்காட்சியகமா, உங்க வீட்டுக் கூடமா? அந்தப் பெரியவரைக் கொஞ்சம் அடக்குங்க" என்று எழுதினார். அதற்குக் கீழே நீங்கள் எழுதினீர்கள்: "அவர் பேசட்டும், விடுங்க."

அதைப் படித்ததும் எடை மெஷினில் என்ன சொல்லவந்தேன் என்பதே மறந்துபோச்சு.

நீதானே தம்பி?

நீ இல்லையென்றால், ஐயா, மன்னித்துவிடுங்கள், இதைக் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீதான் என்றால் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியலை. அம்மா போன பிறகு, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே"ன்னு அப்பா வாசல்ல நின்னு சொன்ன அன்னைக்குப் போனவன் நீ. நாலு வருஷம் ஆச்சு. உன் பழைய நம்பர் வேலை செய்யலை. ஆனா வாராவாரம் நான் பேசுறதைக் கேக்க வந்திருக்கே. இன்னைக்கு ரெண்டு தடவை தேநீர் போட்டு, ரெண்டையும் குடிக்க மறந்துட்டேன்.

எது உனக்குப் பிடிச்சுது? பல் டாக்டர் நாற்காலியா, தீயணைப்புக்காரங்க தோல் வாளியா? வாளிக்கு நான் ரொம்ப உழைச்சேன்.

அக்கா

ஜூன் 8

அக்கா,

நான்தான்.

விமான நிலையத்துப் பக்கத்துல ஒரு குளிர் கிடங்குல வேலை. மீன், மருந்து, பூ எல்லாம் வந்து இறங்கும். தள்ளுவண்டியில ஏத்தி உள்ள அடுக்கணும். அங்க உனக்குச் சாயங்காலம் ஆறுன்னா இங்க எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சட்டை மாத்துற அறையில, அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல உக்காந்து காதுல மாட்டிக்குவேன். கூட வேலை செய்யறவங்க நான் ஏதோ பொண்ணுகூடப் பேசறேன்னு நினைச்சுட்டிருக்காங்க. பேச்சே இல்லாம ஒரு மணி நேரம் கேட்டுட்டே இருக்கானே, பாவம், கல்யாணம் ஆனவனா இருப்பான்னு ஒருத்தன் சொன்னான்.

உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நீ பேசுற விஷயம் எனக்கு அவ்வளவா ஏறாது. நான் பின்னாடிதான் கேப்பேன். அவர் நாற்காலியை இழுக்கற சத்தம். ரேடியோவை ஒவ்வொரு நிலையமாத் திருகிட்டு எதுவும் பிடிக்காம அணைக்கறது. செருப்பைத் தேய்ச்சு நடக்கறது. அந்த இருமல். அவர்கிட்டப் படிச்ச பசங்க எல்லாம் 'விசில் வர்றாரு'ன்னு ஓடுவாங்களே, அந்த விசில் இப்ப எங்க நிக்குது, எங்க உக்காருதுன்னு கேட்டுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சுடுவேன்.

மார்ச்சுக்கு அப்புறம் இருமல் நீண்டுபோச்சே, டாக்டர்கிட்டக் காட்டினியா? ஒரு கால் தேயற சத்தம் அதிகமா இருக்கே, முட்டி வலியா? கோல் வெச்சிருக்காரா? மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடறாரா? கண் ஆபரேஷன் பண்ணணும்னு அப்பவே சொன்னாங்களே, ஆச்சா? சாயங்காலம் வெளியில போறதே இல்லையா? யார்கிட்டயாவது பேசறாரா?

நான் கேக்கறேன்னு அவருக்குத் தெரியவேண்டாம். ஒண்ணே ஒண்ணு செய். பேசும்போது அந்த நடைக் கதவைச் சாத்தாதே. காதுல மாட்டுற மைக் வேண்டாம், அதுல உன் குரல் மட்டும்தான் வருது. போன மாசம் ரெண்டு வாரம் அதைப் போட்டிருந்தே. அந்த ரெண்டு வாரமும் எனக்கு வீணாப்போச்சு.

தம்பி

ஜூன் 10

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறார். முட்டி வலிதான். கோல் வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடை மாட்டுகிற ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். யாரிடமும் பேசுவதில்லை. என்னிடம் பேசுவது எல்லாம் தொட்டி, மோட்டார், பால், செய்தித்தாள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாச்சு. இப்ப நான் கேக்கிறேன். அவர் செருப்பு வரைக்கும் விசாரிச்சியே, "நீ எப்படி இருக்கே"ன்னு ஒரு வரி உனக்கு எழுத வரலையா? இந்த நிகழ்ச்சிக்காக நான் பொருள் அறையில தூசியில உக்காந்து, பழைய பத்திரிகை எல்லாம் புரட்டி, வாராவாரம் அழிச்சு அழிச்சு எழுதறேன். பத்துப் பேர்தான் வர்றாங்க. அதுல ஒரு ஆள் தவறாம வர்றாரு, கடைசி வரைக்கும் இருக்காருன்னு எனக்கு ஒரு சந்தோஷம் இருந்துச்சு. 'கேட்பவர்' வந்தாச்சான்னு பேர்ப் பட்டியலைப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பேன். உனக்கு அது தெரிய நியாயமில்லை. ரெண்டு வாரம் வீணாப்போச்சுன்னு எழுதினியே, அந்த ரெண்டு வாரமும் நான் பேசினேன் தம்பி.

வங்கி மேலாளர் எங்கள் காப்பாட்சியரிடம் புகார் சொல்லியிருக்கிறார். வீட்டில் அமைதி இருக்கட்டும், இல்லையென்றால் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று காப்பாட்சியர் சொன்னார். எது வசதி என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார். அலுவலகத்திலேயே நடத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளை முதல் அங்கிருந்துதான்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

ரெண்டு புதனும் வந்தேன். எங்க கிடங்கு மாதிரியே இருந்துச்சு. சத்தமும் இல்லை, ஆளும் இல்லை.

உனக்குக் கோபம் வந்தது சரிதான். எனக்கு நாசூக்கா எழுத வராது. உன்னைப் பத்தி ஏன் கேக்கலைன்னா, நீ பேசிக்கிட்டு இருந்தே. நீ நல்லா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன். பேசாதவங்களைப் பத்தித்தானே பயம் வரும்.

ஆனா வேணும்னேதான் அலுவலகம் போனே. அதையும் சொல்லிடறேன்.

நீ கோபப்பட்டா நானும் கோபப்படலாம் இல்லையா? அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு நான் ஃபோன் பண்ணும்போதெல்லாம் எடுத்தது நீ. "சாதாரணக் காய்ச்சல்டா, ஒண்ணும் பயப்படாதே"ன்னு சொன்னது நீ. நான் நம்பிட்டு மீன் பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன். எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து நிக்கறேன். "சாகும்போது வராதவன் இப்ப எதுக்கு வந்தே"ன்னு அவர் கேக்கறாரு. அவருக்குப் பின்னாடி, அந்தக் கதவுக்குப் பக்கத்துல நீ நிக்கறே. துண்டைக் கையில சுத்திக்கிட்டு. "அவன்கிட்ட நாமதான்பா சொல்லலை"ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பையைத் தூக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன். நீ கூப்பிடுவேன்னு.

இதை எழுதணும்னு நினைக்கலை. கை எழுதிடுச்சு. அழிச்சா திரும்பவும் இதைத்தான் எழுதுவேன்.

தம்பி

ஜூன் 27

தம்பி,

அப்பா விழுந்துட்டாரு.

புதன்கிழமை சாயங்காலம். நான் அலுவலகத்துல பேசிக்கிட்டு இருக்கேன். அவர் குளியலறையிலிருந்து வெளிய வரும்போது அந்த நடையிலேயே வழுக்கி விழுந்திருக்காரு. நீ சாத்தாதேன்னு சொன்னியே, அந்தக் கதவுக்கு நேரா. எழுந்திருக்க முடியலை. கத்தியிருக்காரு. பக்கத்து வீட்ல விருந்தாளிங்க, ஒரே சிரிப்புச் சத்தம். யாருக்கும் கேக்கலை. நான் வந்து பூட்டைத் திறக்கறப்போ அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்துச்சு. ஒரு மைதானத்தையே நிறுத்தின குரல். "வந்துட்டியா"ன்னு கேட்டது எனக்குக் காத்து மாதிரிதான் வந்துச்சு. கூட்டம் முடிஞ்சும் காப்பாட்சியரோட நின்னு பேசிட்டு, பஸ்ஸை விட்டுட்டு, மெதுவாத்தான் வந்தேன் நான்.

இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. இன்னைக்குக் காலையில ஆபரேஷன் பண்ணினாங்க. நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. தூங்கறாரு. நான் வெளிய பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து இதை எழுதறேன். இந்தத் தடவை சாதாரணக் காய்ச்சல்னு சொல்லமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிட்டேன்.

வேணும்னேதான் போனேன்னு எழுதியிருந்தே. ஆமாம். நீ எனக்குப் பின்னாடி இருக்கறதைத்தான் கேக்க வர்றேன்னா, கேக்காமப் போன்னு நினைச்சேன். வீட்ல இருந்திருந்தா அவர் விழுந்த சத்தம் எனக்கு முன்னாடி உனக்கே கேட்டிருக்கும்.

அன்னைக்கு வாசல்ல ஏன் பேசலைன்னு கேட்டே. அம்மா சொல்லவேண்டாம்னாங்க, சொல்லலை. அவர்கிட்டப் பேசியிருந்தா அன்னைக்கு ரெண்டு பையும் வெளிய போயிருக்கும். உனக்குப் போக ஒரு ஊர் இருந்துச்சு. எனக்கு இந்த வீடுதான். அவருக்கு நான்தான். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதே.

அக்கா

ஜூன் 28

அக்கா,

படிச்சதும் மேற்பார்வையாளர்கிட்டப் போய் லீவு கேட்டேன். உன் இடத்துக்கு ஆள் வர்ற வரைக்கும் முடியாது, செப்டம்பர்ல பாக்கலாம்னுட்டான். வேலையை விட்டுட்டு வந்துடறேன். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

ஆனா வந்து எங்க நிக்கறது? இப்படிப் படுக்கையில இருக்கறப்போ என்னைப் பாத்து அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா? அவர்கிட்டக் கேளு. நான் கேக்கச் சொன்னேன்னே சொல்லு. இனிமே ஒளிஞ்சு உக்காந்து கேக்க என்னால முடியாது.

நீ சாப்பிட்டியா?

தம்பி

ஜூலை 6

தம்பி,

உடனே பதில் எழுதாததுக்குக் காரணம், அவர் உடனே பதில் சொல்லலை.

திங்கட்கிழமை கேட்டேன். "தம்பி வரட்டுமா அப்பா?" ஜன்னலையே பாத்துட்டு இருந்தாரு. "அவன் வேலையைப் பாக்கச் சொல்லு"ன்னாரு. அவ்வளவுதான்னு விட்டுட்டேன். மத்தியானம் நர்ஸ் வந்து காலைத் தூக்கி மடக்கிப் பயிற்சி கொடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணத் தெரியலை அந்தப் பொண்ணுக்குன்னு குறை சொன்னவரு, திடீர்னு, "நான் விழுந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?"னாரு.

சொல்லிட்டேன். எல்லாத்தையும். புதன்கிழமைகள், 'கேட்பவர்', அலமாரிக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிடறது, உங்க இருமல் மார்ச்சுல நீண்டதை அங்கிருந்தே கண்டுபிடிச்சதுன்னு.

"மோட்டாரை நிறுத்துன்னு கத்தினேனே, அதுவுமா?"

"அதுவும்தான். நடுவுல ஒருத்தர் உங்களை அடக்கச் சொன்னாரு. அவர் பேசட்டும், விடுங்கன்னு சொன்னது உங்க பையன்."

அதுக்கப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. இடுப்பு அப்படித் திரும்பக்கூடாது. நான் நர்ஸைக் கூப்பிடவேண்டியதாப் போச்சு. 'வா'ன்னும் சொல்லலை, 'வராதே'ன்னும் சொல்லலை. நான் பொய் எழுதமாட்டேன்.

போன புதன் நிகழ்ச்சியை ரத்து பண்ணிட்டாங்க. இந்த வாரமும் வேண்டாம்னு காப்பாட்சியர் சொன்னாரு. நான்தான் நடத்தறேன்னு பிடிவாதமா இருக்கேன். நாளெல்லாம் மாத்திரை, சீட்டு, வரிசைன்னே போகுது. அந்த ஒரு மணி நேரமாவது நான் வேற எதையாவது பத்திப் பேசணும். பக்கத்துக் கட்டில் காலியா இருக்கு. அறையிலேயே மெதுவாப் பேச டாக்டர் சம்மதிச்சுட்டாரு. வெளிநாட்டுலேருந்து எங்ககிட்ட வந்த ஒரு டிராம் கண்டக்டர் கோட்டைப் பத்தி. அவர் கட்டில் எனக்கு மூணடி தூரத்துல இருக்கும். காதுல மாட்டுற மைக் கொண்டுவரலை.

அக்கா

ஜூலை 10

அக்கா,

நேத்து அரை மணி முன்னாடியே உக்காந்துட்டேன். சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

ஒரு சத்தமும் வரலை. மின்விசிறி ஓடுது. வெளிய யாரோ தள்ளுவண்டி தள்ளிட்டுப் போறாங்க. அவர் மூச்சுக்கூட வரலை. மூணடியில படுத்திருக்காருன்னு எழுதினியே. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் கேக்கறேன்னு தெரிஞ்சதால வாயை மூடிட்டாரு. அவனுக்கு இதுகூடக் கிடைக்கக்கூடாதுன்னு. காதுலேருந்து கழட்டப்போனேன்.

கழட்டலை. ஏன்னு தெரியலை. கேக்கறதுக்கு வேற எதுவும் இல்லாததால உன்னையே கேட்டேன்.

அந்தப் பொண்ணு, ஆம்பளைங்க எல்லாம் போருக்குப் போனப்போ டிராம்ல டிக்கெட் கொடுக்க வந்தவ. பெரிய ஆளுக்குத் தைச்ச கோட்டைக் கொடுத்துட்டாங்க. தோள்ல மடிச்சுத் தைச்சுக்கிட்டா. ஆம்பளைங்க திரும்பி வந்த அன்னைக்கு, நன்றின்னு ஒரு காகிதம் கொடுத்து, கோட்டைத் திருப்பி வாங்கிட்டு அனுப்பிச்சுட்டாங்க. உள்பக்கம் அவளாத் தைச்ச ஒரு பாக்கெட் இருக்குன்னு காட்டினே. அதுல நூல் வேற கலர். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிடுச்சு. நீ இப்படிப் பேசுவேன்னு எனக்குத் தெரியாது அக்கா. பிப்ரவரியிலிருந்து உன் குரலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

அந்த உள் பாக்கெட்டுல அவ என்ன வெச்சிருந்தா? கேக்கலாம்னு கை தூக்கற பட்டன் வரைக்கும் போனேன். என் குரல் அந்த அறையில கேட்டா என்ன ஆகுமோன்னு விட்டுட்டேன்.

தம்பி

ஜூலை 12

தம்பி,

பாக்கெட்டுல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியாது. கோட்டு எங்ககிட்ட வந்தப்போ காலி. ரொட்டித் துண்டுன்னு காப்பாட்சியர் சொல்றாரு. கைக்குட்டைன்னு நான் நினைக்கறேன். தெரியாதுன்னு சொல்றதும் எங்க வேலையில ஒரு பகுதிதான்.

அவர் ஏன் சத்தம் போடலைன்னு நீ புரிஞ்சுக்கிட்டது தப்பு.

நான் ஆரம்பிச்சதும் அவருக்கு இருமல் வந்துச்சு. துவாலையை எடுத்து வாயில அமுக்கிக்கிட்டாரு. முகமெல்லாம் சிவந்து கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நிறுத்தட்டுமான்னு பாத்தேன். கையாலேயே பேசு, பேசுன்னாரு. மைதானத்துல ஓடறவனைப் பாத்துக் கை காட்டுவாரே, அதே மாதிரி. கடைசி வரைக்கும் அந்தத் துவாலையை எடுக்கலை. நான் திரையை மூடினதும், "போயிட்டானா?"ன்னாரு. "போயிட்டான்பா"ன்னேன். அப்புறம்தான் இருமினாரு. எவ்வளவு நேரம்! நர்ஸ் ஓடி வந்துட்டாங்க.

"எதுக்குப்பா அடக்கினீங்க? அவன் அதைக் கேக்கத்தானே வர்றான்"னேன்.

"இந்த இருமலைக் கேட்டா அவனுக்கு அங்க வேலை ஓடுமா?"ன்னாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு, "இத்தனை நாள் கூடத்துல உக்காந்து இதையா பேசிட்டிருந்தே? நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. நான் தண்ணி பிடிக்கற மாதிரி வெளிய போயிட்டேன். ஒரே வாரத்துல ரெண்டு பேரும் இப்படிச் சொன்னா நான் என்னதான் பண்றது?

காலையில பல் தேச்சுவிடும்போது அவரே ஆரம்பிச்சாரு. "செப்டம்பர்ல லீவு தர்றான்னா, செப்டம்பர்லயே வரட்டும். வேலையை விட்டுட்டு வந்து என் தலைமாட்டுல உக்காரவேண்டாம்." நான் ஒண்ணும் கூட்டிக் குறைச்சு எழுதலை. 'வரட்டும்'னு அவர் வாயாலேயே வந்துச்சு.

உனக்கு எப்படி இருக்கோ, எனக்கு இதை எழுதிட்டுப் படிச்சுக் காட்டப் பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லா இருந்திருக்கும்.

அக்கா

செப்டம்பர் 17
(சாப்பாட்டு மேசையில், தட்டுக்கு அடியில்)

தம்பி,

பக்கத்து வீட்ல சாவி வாங்கிக்கிட்டு உள்ள வந்ததும் இதைப் படிச்சுட்டு அவர் அறைக்குப் போ.

பின்னறையில இருக்காரு. தூங்கற மாதிரி படுத்திருப்பாரு, நம்பாதே. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து முகம் மழிச்சுக்கிட்டு, எந்தச் சட்டைன்னு என்னை மூணு தடவை மாத்தவெச்சாரு. கதவைத் தட்டிட்டு நிக்காதே. நின்னா, "யாரது"ன்னு கேப்பாரு, நீ பதில் சொல்லமாட்டே, அப்படியே நேரம் போயிடும். நேரா உள்ள போய் உக்காரு. ஏதாவது கத்தினா, கத்தட்டும். நடக்கும்போது இடது கையைப் பிடிச்சுக்கோ. பிடிக்கவேண்டாம்பாரு. பிடிச்சுக்கோ.

நான் லீவு போடலை. வேணும்னேதான். நான் இருந்தா நீங்க ரெண்டு பேரும் என்கிட்டத்தான் பேசுவீங்க. தண்ணி எடு, மாத்திரை எடு, அவனைச் சாப்பிடச் சொல்லு, அவர்கிட்டச் சொல்லு அக்கான்னு. நாலு வருஷம் நான் உங்களுக்கு நடுவுல நின்னாச்சு. இன்னைக்கு நடுவுல யாரும் இல்லை.

இன்னைக்குப் புதன். ஆறு மணிக்கு அலுவலகத்துல இருந்து பேசறேன். நீ வரவேண்டாம். உன் பேர் இல்லாத பட்டியலைப் பாத்துட்டு ஆரம்பிக்கறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். பழகிக்குவேன்.

முடிச்சுட்டு முதல் பஸ்லயே வந்துடுவேன். அரிசி டப்பா மேல்தட்டுல, காய் எல்லாம் கூடையில இருக்கு. சண்டை போடறதா இருந்தா நான் வர்றதுக்குள்ள போட்டு முடிச்சுடுங்க. எனக்கும் சேர்த்துச் சமைச்சு வைங்க. பசியோட வருவேன்.

அக்கா